மான்வனமும் தூக்குமரமும்

ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையைப் படித்தோர் ஒரு கதையைக் கட்டாயம் கேட்டிருப்பர். இளமைப் பருவத்தில் அவர் தோழர் சிலருடன் கூடிச் சாள்க்கொட் என்னும் ஊரிலே சேர் தோமஸ் லூசி என்பாருக்குரிய நிலத்திற் புகுந்து மான் திருடினார் என்றும், அதனால் வந்த தொல்லைக்கு அஞ்சியே பிறந்த ஊரை விட்டு இலண்டன் மாநகருக்கு ஓடினார் என்றும் அக்கதை கூறும். அது உண்மை என்று நிறுவுதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. கவிஞர் இறந்து 93 ஆண்டுகள் சென்றபின், 1709ஆம் ஆண்டில், நிக்கலஸ் றோ என்பவர் வெளியிட்ட பதிப்பிலேதான் அது முதன்முதல் அச்சேறியது. ஆயினும் கதையின் உண்மை பொய்களைக் காட்டிலும் நாம் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. ஓர் ஆட்டையோ குதிரையையோ திருடினார் என்று கதை வழங்கியிருந்தால் அதைக் கவிஞருக்கு இழுக்கு என்று ஆங்கிலேயர் கருதியிருப்பர். மான் திருடினார் என்றபோதோ அதைப் புன்முறுவலுடன் ஏற்றுக்கொண்டனர். சட்டம் திருட்டு என்று சொன்னதை மக்கள் திருட்டு என்று கொள்ளவில்லை. இவ்விரு நியாயங்களுக்கும் இடையிலிருந்த பிளவு எங்ஙனம் தோன்றியது, அது எத்தனை உயிர்களைப் பலிகொண்டது என்பதையே இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுகின்றோம்.

காடும் அதிலுள்ள விலங்கும் யாருக்கு உரியன என்ற கேள்வி இங்கிலாந்தின் வரலாற்றிலே மிகப் பழையது. 1066இல் நோர்மானியர் நாட்டைக் கைப்பற்றியபின், மன்னனின் வேட்டைக்கென்று பரந்த நிலப்பகுதிகள் ஒதுக்கப்பட்டன. அப்பகுதிகளில் நாட்டின் பொதுச்சட்டம் ஆட்சி செய்யவில்லை. வனச்சட்டம் என்னும் தனிச்சட்டம் ஆட்சி செய்தது. 'வனம்' என்ற சொல்லைக் கேட்டு அடர்ந்த மரக்கூட்டத்தை மாத்திரம் நாம் மனத்திற் கொள்ளலாகாது. அவ்வெல்லைக்குள்ளே ஊர்களும் வயல்களும் மேய்ச்சல் நிலங்களும் இருந்தன. உழவன் விதைத்த பயிரை மன்னனின் மான் மேயலாம். ஆனால் அம்மானை உழவன் தீண்டலாகாது. இவ்வநீதி குறித்து எழுந்த எதிர்ப்பின் பயனாக 1217ஆம் ஆண்டில் வனச்சாசனம் பிறந்தது. மானைக் கொன்ற காரணத்துக்காக இனி எவரும் தம் உயிரையோ உறுப்பையோ இழத்தலாகாது என்று அச்சாசனம் விதித்தது. தண்டப்பணம் செலுத்த இயலாதவன் ஓராண்டும் ஒரு நாளும் சிறையிலிருந்தாற் போதும் என்றது. இவ்வாண்டை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம். ஏனெனில், 506 ஆண்டுகள் கழிந்தபின், நாகரிகமும் அறிவொளியும் வளர்ந்துவிட்டன என்று பெருமை பேசிய ஒரு நூற்றாண்டிலே, மானுக்காக மனித உயிரைப் பறிக்கும் சட்டத்தை ஆங்கிலப் பாராளுமன்றமே இயற்றவிருந்தது.

வேட்டை என்பது வெறும் உணவு தேடும் முயற்சியன்று. அது வர்க்கத்தின் அடையாளம். இவ்வுண்மையை 1390ஆம் ஆண்டுச் சட்டம் ஐயத்துக்கிடமின்றிக் காட்டுகின்றது. ஆண்டுக்கு 40 ஷில்லிங் வருமானந் தரும் நிலமில்லாத எவனும் வேட்டைநாய் வளர்க்கலாகாது, வலை வைத்திருக்கலாகாது என்று அச்சட்டம் கூறியது. கைவினைஞரும் கூலியாட்களும் திருநாட்களில், நல்ல கிறித்தவர்கள் தேவாலயத்தில் இருக்கும் வேளையில், வேட்டைக்குச் செல்கின்றனர் என்பதும், அச்சாக்கிலே ஒன்றுகூடிச் சதி பேசுகின்றனர் என்பதும் அச்சட்டத்தின் முகவுரையிற் காணப்படும் குற்றச்சாட்டு. 1381இல் குடியானவர் பெருங்கிளர்ச்சி இங்கிலாந்தை உலுக்கியிருந்தது. அக்கிளர்ச்சி அடக்கப்பட்டு பத்தாண்டும் நிறைவுறாத காலத்திலே இச்சட்டம் தோன்றியது தற்செயல் அன்று. ஆளும் வர்க்கத்தார் அஞ்சியது முயலையும் மானையும் இழந்துவிடுவோம் என்பதற்காக மட்டுமன்று; வில்லும் நாயும் கையிற் கொண்டு பத்துப்பேர் ஒன்றுகூடுவதைக் கண்டே அவர்கள் நடுங்கினர்.

1485ஆம் ஆண்டில், ஏழாம் ஹென்றி அரியணை ஏறியவுடன், மற்றொரு சட்டம் வந்தது. கெண்ட், சறே, சசெக்ஸ் ஆகிய மாவட்டங்களிலே பலர் முகத்துக்கு வர்ணம் பூசியும் முகமூடி அணிந்தும், ஆயுதந் தாங்கி, இரவில் வேட்டையாடுகின்றனர் என்று அது முறையிட்டது. மாறுவேடத்தில் வேட்டையாடியதை விசாரணையில் ஒளிப்பவன் பெருங்குற்றவாளி எனக் கருதப்படுவான் என்றும் விதித்தது. முகத்திற் கரி பூசுதல் என்னும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டிலே திடீரெனத் தோன்றியதன்று என்பதை இதனால் அறிகின்றோம். பகலில் எல்லோரும் எல்லோரையும் அறிந்திருக்கும் கிராமத்திலே, இரவில் தன்னை மறைத்துக்கொள்ள ஏழைக்கு அடுப்புக்கரியை விட மலிவான முகமூடி வேறு ஏது?

ஆயினும் மான் திருடியோர் எல்லோரும் ஏழைகள் என்று எண்ணுவது வரலாற்றுக்கு முரணாகும். முற்போக்குக் கருத்துடைய நாமும் இவ்விடத்திலே எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். தியூடர் மன்னர் காலத்திலும் அதனையடுத்த ஸ்ருவாட் மன்னர் காலத்தின் முற்பகுதியிலும், மான்வனங்களிற் புகுந்து கலகம் விளைத்தோரிற் பலர் நிலவுடைமைக் குடும்பத்தினரும் அவர்தம் ஏவலாளருமே ஆவர். குறுக்குவில்லும் வாளும் தடியும் தாங்கி, அயலிலுள்ள பகைவனின் மான்வனத்தை இரவிலே தாக்குவது அவர்களுக்குப் போருக்குப் பதிலான ஒரு விளையாட்டு. பகைவனின் மானைக் கொல்லுதல் அவனது மானத்தைக் கெடுத்தலுக்குச் சமம். 'நட்சத்திர மண்டபம்' என்று பெயர்பெற்ற அரச நீதிமன்றிலே இத்தகைய வழக்குகள் பல விசாரிக்கப்பட்டன.

இவ்விளையாட்டிலும் இரத்தம் சிந்தியது. சிந்தியது பெரும்பாலும் யாருடைய இரத்தம் என்பதே கேள்வி. 1541ஆம் ஆண்டு ஏப்ரில் இறுதியில், டேக்கர் பிரபு தோழர் சிலருடன் சசெக்ஸ் மாவட்டத்தில் லோட்டன் என்னுமிடத்திலிருந்த சேர் நிக்கலஸ் பெல்லமின் மான்வனத்துக்கு வேட்டை கருதிச் சென்றார். கூட்டத்தினரில் ஒரு பகுதியார் காவலர்களுடன் கைகலந்தனர். ஜோன் பஸ்பிறிக் என்னும் காவலன் அடிபட்டு இறந்தான். அதே ஆண்டு யூன் 29ஆந் திகதி டேக்கர் பிரபு தைபேண் தூக்குமேடையிலே சாதாரணக் குற்றவாளியைப் போலத் தூக்கிலிடப்பட்டார். பிரபுவையும் சட்டம் தீண்டியது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு. ஆனால் அருமையான எடுத்துக்காட்டு. எட்டாம் ஹென்றியின் ஆட்சியிலே பிரபுக்களின் கழுத்தும் அவ்வளவு பாதுகாப்பானதன்று.

எண்பது ஆண்டுகளின் பின், 1621இல், கன்ரபெரித் தலைமைப் பேராயர் ஜோர்ஜ் அபட் ஹாம்ஷயரிலே பிராம்ஷில் என்னும் மான்வனத்தில், அதன் உடைமையாளரான சூச் பிரபுவின் விருந்தினராக வேட்டையாடினார். அவர் எய்த அம்பு மானைத் தப்பிக் காவலன் ஒருவன்மீது பாய்ந்தது, அவன் இறந்தான். இது கொலையன்று, விபத்தே. மன்னர் முதலாம் ஜேம்ஸ் பேராயருக்கு மன்னிப்பு வழங்கினார். குருதி படிந்த கையினர் திருச்சபைத் தலைமையில் இருக்கலாமா என்று சமயவாதிகள் வாதாடினர். இறந்த காவலனின் வாழ்வு அவ்வாதத்திலே ஒரு பொருளாக இடம்பெறவில்லை.

பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் எழுந்த உள்நாட்டுப் போர், மானுக்கும் மன்னருக்குமிருந்த உறவை மக்கள் எவ்வாறு கணித்திருந்தனர் என்பதைப் புலப்படுத்தியது. முதலாம் சாள்ஸ் மன்னர் பழைய வனச்சட்டங்களைத் தூசுதட்டி எடுத்துத் தண்டப்பணம் அறவிட்டார். பல ஊர்களின் நிலங்களை வளைத்து, 1637இல் இறிச்மண்ட் மான்வனத்தைச் சுற்றி மதில் எழுப்பினார். போர் மூண்டதும் மக்கள் பல மான்வனங்களின் வேலிகளைத் தகர்த்தனர், மான்களை வேட்டையாடினர். மன்னரின் ஆட்சிக்கெதிராகக் குரலெழுப்ப அஞ்சிய குடியானவனும் மன்னரின் மானுக்கெதிராகக் கையோங்க அஞ்சவில்லை.

1660இல் முடியாட்சி மீண்டது, மானும் மீண்டது. ஆனால் நாடு மாறியிருந்தது. இப்பொழுது சட்டத்தை இயற்றியோர் பாராளுமன்றத்தில் வீற்றிருந்த நிலவுடைமையாளர். தமது சொத்தைக் காக்கும் சட்டங்களை அவர்களே தமக்காக இயற்றினர். 1671ஆம் ஆண்டு வேட்டைச் சட்டத்தின்படி, முயல், கௌதாரி முதலியவற்றை வேட்டையாடும் உரிமை பெறுவதற்கு ஆண்டுக்கு 100 பவுண் வருமானந் தரும் சொந்த நிலமோ, 150 பவுண் பெறுமதியான நெடுங்காலக் குத்தகையோ வேண்டும். அல்லது உயர்குடிப்பிறப்பு வேண்டும். மாவட்டத் தேர்தலில் வாக்களிப்பதற்கு அக்காலத்திலே 40 ஷில்லிங், அதாவது 2 பவுண், வருமானந் தரும் நிலம் போதும். நாட்டின் சட்டசபைக்கு ஒருவரைத் தெரிவு செய்வதற்கு வேண்டியதைப் போல் ஐம்பது மடங்கு சொத்து ஒரு கௌதாரியைச் சுடுவதற்கு வேண்டியிருந்தது என்று பிற்காலத்திலே சட்ட அறிஞர் பிளாக்ஸ்ரன் எள்ளி நகையாடினார். அது மாத்திரமன்று. நிலப்பிரபு தமது விருப்பப்படி வேட்டைக் காவலரை நியமிக்கலாம். அவர்கள் ஆணை பெற்று ஏழையின் வீட்டைச் சோதனையிட்டுத் துவக்கையும் வலையையும் நாயையும் பறித்துச் செல்லலாம் என்றும் அச்சட்டம் அதிகாரம் அளித்தது.

வேலியடைத்த வனத்திலுள்ள மானுக்குத் தனிச்சட்டங்கள் இருந்தன. 1661இல் மான் திருடியவனுக்கு 20 பவுண் தண்டம். 1691ஆம் ஆண்டுச் சட்டம் கொல்லப்பட்ட ஒவ்வொரு மானுக்கும் 30 பவுண் என உயர்த்தியது. செலுத்த இயலாதவனுக்கு ஓராண்டுச் சிறையும், சந்தைவெளியிலே கழுத்தையும் கைகளையும் பலகையிற் பூட்டி நிறுத்தும் அவமானமும் காத்திருந்தன. முப்பது பவுண் என்பது ஒரு விவசாயக் கூலியாளன் ஓராண்டு முழுவதும் உழைத்தாலும் காணாத தொகை. எனவே தண்டப்பணம் என்பது பணமுள்ளவனுக்கு அபராதமாகவும் பணமில்லாதவனுக்குச் சிறையாகவும் அமைந்தது. தண்டத்தில் ஒரு பங்கு காட்டிக்கொடுத்தவனுக்குச் சென்றது. 1719இல் மான் திருட்டுக்கு ஏழாண்டு நாடுகடத்தல் தண்டனையும் சேர்க்கப்பட்டது. கடலுக்கப்பாலுள்ள அமெரிக்கக் குடியேற்றங்களுக்கு மனிதர் அனுப்பப்பட்டனர்.

இச்சட்டங்களை நடைமுறைப்படுத்தியோர் யாவர்? இக்காலப் பொருளிற் பொலிஸ் படையென்று ஒன்று அப்பொழுது இங்கிலாந்தில் இல்லை. மானின் உடைமையாளர் காவலரை அமர்த்தினார். காவலன் பிடித்தவனைச் சமாதான நீதவான்முன் நிறுத்தினான். அந்நீதவானோ அயலிலுள்ள மற்றொரு மான்வனத்தின் உடைமையாளர். நேற்றிரவு வழக்காளியின் இல்லத்திலே மானிறைச்சி விருந்துண்டவராகவும் இருக்கலாம். மானிறைச்சி கடையில் விற்கும் பண்டமாகக் கருதப்படவில்லை. அது பிரபுக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பும் பரிசு, உறவையும் ஆதரவையும் வளர்க்கும் கருவி. அதனாலேயே திருட்டுத்தனமாக விற்பனைக்கு வந்த இறைச்சிக்கு இலண்டனில் நல்ல விலை கிடைத்தது. தாமே வாதியாகவும் தாமே நீதிபதியாகவும் இருந்த ஒரு வர்க்கம், சட்டம் என்பது இயற்கையின் நியதி என்று ஏனையோருக்குப் போதித்தது.

இந்நிலையில் 1720ஆம் ஆண்டு தென்கடற் கம்பனியின் பங்குச் சூதாட்டம் வெடித்துச் சிதறியது. பழைய குடும்பங்கள் சில வீழ்ந்தன. புதுப்பணம் படைத்தோர் நிலங்களை வாங்கினர், மான்வனங்களை விரித்தனர். 1721இல் றொபேட் வால்போல் ஆட்சிப்பொறுப்பை ஏற்றார். ஜோர்ஜ் மன்னரின் குடும்பத்தார் ஜேர்மனியிலிருந்து வந்தோர். அவர்களை அகற்றிப் பழைய அரசவழியினரை மீட்க முயலும் சதியொன்று 1722இல் வெளிப்பட்டது. ஆள்வோர் எங்கும் சதியையே கண்டனர்.

வின்ட்சர் வனத்திலும், வின்செஸ்ரர் பேராயருக்குரிய பாண்ஹம், வோல்தம் ஆகிய இடங்களிலும் வாழ்ந்த மக்களுக்கு வேறு முறைப்பாடுகள் இருந்தன. வழக்கிழந்து கிடந்த வனநீதிமன்றுகள் மீண்டும் கூட்டப்பட்டன. முன்னோர் காலந்தொட்டு விறகு பொறுக்கிய இடத்தில் விறகு பொறுக்குவதும், அடுப்புக்குப் புற்கட்டி வெட்டுவதும், தன் நிலத்திலே தான் வளர்த்த மரத்தை வெட்டுவதும் குற்றமாயின. மான்களோ பெருகின, பயிரை அழித்தன. வழக்கம் உரிமை என்று மக்கள் கருதினர். பத்திரமே உரிமை என்று உடைமையாளர் கருதினர். கிராமத்தின் பழைய பொருளாதாரத்துக்கும் தனியுடைமையின் புதிய பொருளாதாரத்துக்குமிடையே நிகழ்ந்த மோதலில் மான் ஒரு குறியீடாயிற்று.

1721 ஒக்ரோபரில் 16 பேர் பாண்ஹம் மான்வனத்தைத் தாக்கினர். பிடிபட்டோரில் இருவருக்குச் சந்தைவெளித் தண்டனையும், தண்டப்பணமும், ஓராண்டும் ஒரு நாளும் சிறையும் விதிக்கப்பட்டன. அதற்குப் பழிவாங்கப் பெருங்கூட்டமொன்று திரண்டது. முகத்திற் கரி பூசி, குதிரையேறி, துவக்குத் தாங்கி வந்த அவர்களை மக்கள் 'கருமுகத்தார்' என்று அழைத்தனர். அவர்களின் தலைவன் ஒருவன் தன்னை 'ஜோன் மன்னன்' என்று கூறிக்கொண்டான். 1723இன் தொடக்கத்திலே அவன் வெளிப்படையாகத் தோன்றி, தாம் ஜோர்ஜ் மன்னருக்கு எதிரானவர் அல்லர் என்றும், பணம் படைத்தோர் ஏழைகளை வருத்தாதவாறு நியாயம் நிலைநாட்டவே வந்தோம் என்றும் அறிவித்தான் என அக்காலத்துச் சிறுநூலொன்று தெரிவிக்கின்றது. இவர்களுட் சிறுநிலவுடைமையாளரும் கைவினைஞரும் கூலியாட்களும் இருந்தனர். கனவான்களும் சிலர் இருந்தனர். 'வின்ட்சர் வனம்' என்ற கவிதையை 1713இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற அலெக்சாண்டர் போப்பின் மைத்துனர் சாள்ஸ் றக்கெற் என்பவரும் இக்குற்றச்சாட்டிற் சிக்கினார். கவிஞர் அமைதியின் உறைவிடமாகப் பாடிய வனத்திலே அவருடைய குடும்பத்தாரே குற்றவாளிக் கூண்டை நெருங்கினர்.

1723 மே மாதத்திலே பாராளுமன்றம் 'கறுப்புச் சட்டம்' என்று வரலாறு அழைக்கும் சட்டத்தை அதிக விவாதமின்றி நிறைவேற்றியது. ஆயுதந்தாங்கி, முகத்திற் கரிபூசி அல்லது வேறுவகையில் மாறுவேடம் பூண்டு, வனத்திலோ மான்பூங்காவிலோ முயல்வளையிலோ தோன்றுதலே மரணதண்டனைக்குரிய குற்றமாயிற்று. மானைக் கொல்லவேண்டும் என்பதில்லை, தோன்றினாற் போதும். மானைத் திருடுதல், மீன்குளத்தின் அணையை உடைத்தல், கால்நடையை ஊறுபடுத்தல், நட்ட மரத்தை வெட்டுதல், வைக்கோற்போருக்குத் தீயிடுதல், பெயரிடாத மிரட்டற் கடிதம் அனுப்புதல், பிடிபட்டவனை மீட்டல் எனக் குற்றங்களின் பட்டியல் நீண்டது. இச்சட்டம் உண்டாக்கிய மரணக்குற்றங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை என வரலாற்றாசிரியர் ஈ. பி. தொம்சன் கணக்கிட்டார்.

அதன் நடைமுறை மேலும் கொடியது. ஒருவன்மீது சத்தியஞ்செய்து முறைப்பாடு கொடுக்கப்பட்டால், அவன் பெயர் அரச வர்த்தமானியிலே வெளியிடப்படும். அயலிலுள்ள சந்தை ஊர்களிற் கூறப்படும். நாற்பது நாட்களுக்குள் அவன் சரணடையாவிடின், விசாரணையின்றியே குற்றவாளியாகக் கருதப்பட்டுத் தூக்கிலிடப்படலாம். வழக்கைக் குற்றம் நிகழ்ந்த மாவட்டத்தில் நடத்தவேண்டும் என்ற பழைய விதியும் தளர்த்தப்பட்டது, எம்மாவட்டத்திலும் விசாரிக்கலாம். அயலவரைக் கொண்ட யூரிமார் அயலவனுக்கு இரங்கிவிடுவர் என்ற அச்சமே இதன் காரணம். கூட்டாளியைக் காட்டிக்கொடுத்தவனுக்கு மன்னிப்பு உண்டு.

அதே ஆண்டு நவம்பரில், வோல்தம் கருமுகத்தார் எழுவர் தங்கள் ஊரிலன்றி வெஸ்ற்மின்ஸ்ரரிலே அரச நீதிமன்றில் விசாரிக்கப்பட்டனர். டிசம்பர் 4ஆந் திகதி தைபேணிலே தூக்கிலிடப்பட்டனர். றிச்சட் பாவின் ஒரு மதுச்சாலை நடத்தியவன். எட்வேட் பிங்க், ஜோன் பிங்க் இருவரும் வண்டியோட்டிகள். எட்வேட் எலியற் என்பவன் தையற்காரனிடம் தொழில் பயின்ற சிறுவன், வயது பதினேழு. றொபேட் கிங்ஷெல், ஜேம்ஸ் அன்செல், ஹென்றி மார்ஷல் என்போர் ஏனைய மூவர். மோதலிலே மான்காவலன் ஒருவனைச் சுட்டுக்கொன்றவன் மார்ஷல் எனப்பட்டான். ஓர் உயிருக்கு ஏழு உயிர் ஈடாயிற்று. இவர்களைப் பெரும் அரசியற் சதிகாரர் என்று அமைச்சர் கருதியிருக்கலாம். அரசியல் தொடர்பு சிலருக்கு இருந்திருக்கலாம் என்று வாதிடும் வரலாற்றாசிரியரும் உளர். ஆயினும் வண்டியோட்டியும் தையற்காரச் சிறுவனும் அரசைக் கவிழ்க்கவே வனத்துக்குச் சென்றனர் என்பதை ஏற்க நம் மனம் ஒருப்படவில்லை.

இவ்விடத்தில் நாம் மற்றொரு பக்கத்தையும் மறைக்காமற் கூறல் வேண்டும். இறந்த காவலன் யார்? 1541இல் இறந்த பஸ்பிறிக், 1621இல் அம்புபட்டு வீழ்ந்தவன், 1723இல் சுடப்பட்டவன் ஆகிய மூவரும் மான்வனத்தின் உடைமையாளர் அல்லர். சம்பளத்துக்கு அமர்ந்து, பிறருடைய மானை இரவெல்லாம் காத்து நின்ற ஏவலாளர். வனத்தினுள்ளே ஏழையும் ஏழையும் ஒருவரையொருவர் கொன்றனர். உடைமையாளர் மாளிகையில் உறங்கினர். கருமுகத்தாரை மக்கள்வீரர் என்று போற்றிப் பாடிவிட்டு, காவலனின் மனைவி மக்களை மறந்துவிடுவோமாயின், நாமும் பேராயரின் வழக்கில் வாதாடிய சமயவாதிகளின் தவற்றையே செய்தவராவோம். ஒரு சமூக அமைப்பின் கொடுமை, அது பணக்காரரை ஏழைக்கெதிராக நிறுத்துவதில் மாத்திரம் அடங்கவில்லை. ஏழையின் கையிலேயே துவக்கைக் கொடுத்து மற்றோர் ஏழையின் எதிரே நிறுத்துவதிலும் அடங்கியிருக்கின்றது.

மூன்றாண்டுகளுக்கென்று கொண்டுவரப்பட்ட கறுப்புச் சட்டம் மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்பட்டு, 1758இல் நிரந்தரமாக்கப்பட்டது. அவசரநிலைக்கென்று பிறக்கும் சட்டங்கள் அவசரம் நீங்கியபின்னும் வாழ்வதற்கு இதனிலுஞ் சிறந்த சான்று வேண்டுவதில்லை. வியப்புக்குரியது என்னவெனில், அதே 1758ஆம் ஆண்டிலே, அதே இங்கிலாந்திலே, சட்டம் எதிர்த்திசையிலும் ஒருமுறை இயங்கியது. முதலாம் சாள்ஸ் மதிலெழுப்பிய இறிச்மண்ட் மான்வனத்தின் காப்பாளராக மன்னர் மகள் அமேலியா பொறுப்பேற்றபின், வழிவழியாக மக்கள் நடந்து சென்ற பாதைகளை அடைத்துவிட்டார். ஜோன் லூயிஸ் என்னும் மதுவடிப்போர், வாயிற்காவலாளி தம்மை உள்ளே விடவில்லை என்று வழக்குத் தொடர்ந்தார். சறே மாவட்டச் சுற்றுநீதிமன்றில் நீதியரசர் சேர் மைக்கல் பொஸ்ரர் முன்னிலையிலே லூயிஸ் வென்றார். வாயில் வேண்டுமா, மதிலின்மேல் ஏணிப்படி வேண்டுமா என்று நீதியரசர் கேட்டபோது, வாயிலைப் பூட்டிவிடக்கூடும் என்றெண்ணி அவர் ஏணியையே தெரிந்தெடுத்தார். ஏணியின் படிகள் ஏறமுடியாதவாறு அகலமாக அமைக்கப்பட்டன. குழந்தைகளும் முதியோரும் ஏறமுடியவில்லை என்று அவர் மீண்டும் முறையிட்டார், படிகள் திருத்தப்பட்டன.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது நம்முள் ஒரு கேள்வி எழுகின்றது. சட்டம் என்பது ஆளும் வர்க்கத்தின் கைக்கருவி மாத்திரந்தானா? கறுப்புச் சட்டத்தின் வரலாற்றை 1975இல் விரிவாக எழுதிய தொம்சன் மார்க்சிய மரபிலே வளர்ந்தவர். அவரே தம் நூலின் முடிவில், சட்டத்தின் ஆட்சி என்பது மனித குலம் ஈட்டிய நன்மைகளில் ஒன்று என்ற கருத்தை வெளியிட்டபோது, இடதுசாரிகள் பலர் அதிர்ச்சியுற்றனர். நம் கருத்தில், அவர் காட்டிய சான்று எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. சட்டத்தைக் கருவியாகக் கொள்வோர், அது நியாயமானது என்று மக்கள் நம்பினாலன்றி அதனைக் கருவியாகப் பயன்படுத்தல் இயலாது. நம்பிக்கை உண்டாவதற்கு அது இடைக்கிடையேனும் நியாயமாக நடந்துகொள்ளல் வேண்டும். அவ்விடைவெளியிலேதான் லூயிஸ் தமது ஏணியைச் சார்த்தினார். ஆனால் ஒன்றை மறத்தலாகாது. லூயிஸ் வழக்காடுதற்கு வசதியுடைய வணிகர். தையற்காரச் சிறுவனுக்கு அவ்வசதி இல்லை. ஏணி எல்லோருக்கும் பயன்பட்டது உண்மை. ஏணியைக் கேட்டுப் பெறும் வல்லமை எல்லோருக்கும் இருக்கவில்லை.

கறுப்புச் சட்டத்தின் பெரும்பகுதி 1823இலும் எஞ்சியது 1827இலும் நீக்கப்பட்டன. வனங்களில் மறைத்துவைத்து மனிதரைச் சுடும் பொறித்துவக்குகள் 1827இலேயே தடைசெய்யப்பட்டன. சொத்துத் தகுதி 1831இல் ஒழிந்தது. எனினும் இரவில் வேட்டையாடுவோரைத் தண்டிக்கும் புதிய சட்டம் 1828இல் வந்துவிட்டது. 1829இல் இலண்டன் மாநகரப் பொலிஸ் படையும் தோன்றியது. தூக்குமரத்தின் இடத்தை ஒழுங்கான காவலும் சிறையும் பெற்றன. உடைமையின் காவல் தளரவில்லை, திறமையடைந்தது.

நிலத்தில் வழக்கத்தால் வந்த உரிமையை மறுத்துப் பத்திரத்தை மாத்திரம் கேட்கும் இச்சிந்தனை இங்கிலாந்தின் எல்லைக்குள் நின்றுவிடவில்லை. இலங்கையிலே 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலை நிறுவப்படும்வரை முடிக்குரியன என்று கொள்ளப்படும் என்றது. தலைமுறை தலைமுறையாகச் சேனை வெட்டிய கிராமத்தவனிடம் பத்திரம் எங்கே என்று கேட்டவர், வின்ட்சர் வனத்தில் விறகு பொறுக்கியவனிடம் அதே கேள்வியைக் கேட்டவர்களின் வழித்தோன்றல்களே.

வின்செஸ்ரர் பேராயராகப் பின்னாளில் இருந்த ஹோட்லி என்பவரிடம், வோல்தம் வனத்தில் மீண்டும் மான்களை விடுமாறு வேண்டியபோது, அவை முன்னரே போதிய தீங்கு விளைத்துவிட்டன என்று கூறி அவர் மறுத்தார் என கில்பேட் வைற் தமது செல்போண் ஊரின் இயற்கை வரலாற்று நூலில் எழுதியுள்ளார். பேராயரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் மான் செய்த தீங்கு என்ன? அது பசித்தபோது மேய்ந்தது. வேலி கண்டவிடத்துத் தாண்டியது. வால்போலின் காலத்தை அமைதியும் செழிப்பும் நிலவிய காலம் என்று வரலாற்று நூல்கள் மாணவருக்குப் போதித்து வந்துள்ளன. அப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர் தைபேணில் 1723 டிசம்பர் 4ஆந் திகதி தொங்கிய ஏழு பேரின் பெயரையும், வோல்தம் வனத்தில் வீழ்ந்த காவலனின் சாவையும் உடன் சொல்வாராயின், அமைதி யாருக்கு, செழிப்பு யாருக்கு என்று மாணவரே கேட்பர். அக்கேள்வியிலிருந்தே வரலாற்றுக் கல்வி தொடங்குகின்றது.